ஒரு பையனுக்காக ஆறாங்கிளாஸைக் கீழே இறக்கணுமா?

கருங்கல்_அம்மா | ஞாயிறு, இரவு 9.10

எனக்க மகனுக்கு 11 வயசு. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். வாக்கர் வச்சு நடப்பான். கணக்கு நல்லா போடுவான், எழுத்துதான் பைய பைய. எங்க ஊர்ல உள்ள உதவிபெறும் பள்ளியிலதான் ஒண்ணுல இருந்து அஞ்சு வரை படிச்சான். அஞ்சு வரை எல்லா கிளாஸும் கீழே. ஜூன்ல ஆறு. ஆறாங்கிளாஸ் மாடியில. 22 படி, எண்ணிப் பார்த்தேன்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்துல எழும்பி நின்னு கேட்டேன், ஆறாங்கிளாஸை மட்டும் கீழே மாத்த முடியுமான்னு. கீழே ஸ்டாஃப் ரூம் இருக்கு, கம்ப்யூட்டர் ரூம் இருக்கு. ஹெச்எம் வாயைத் திறக்க முன்னாலயே பின்பெஞ்சுல இருந்து ஒரு அப்பா, "ஒரு பையனுக்காக 40 பிள்ளையளை இளக்கணுமா? இதுமாதிரி பிள்ளையளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்குல்லா?"ன்னு கேட்டார். யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேர் தலையை வேற ஆட்டினாங்க.

வீட்டுக்காரர் மஸ்கட்ல. பையனுக்கு இப்போ 31 கிலோ. காலையில தூக்கி ஏத்தி, மத்தியானம் பாத்ரூமுக்கு இறக்கி, திரும்ப ஏத்தி, சாயங்காலம் இறக்க என்னால ஆகாது. வீட்டுக்கு வந்து சொன்னப்போ அவன் சொல்லுகான், "மாடியில போட்டா நான் பள்ளிக்கூடத்துல வெள்ளம் குடிக்க மாட்டேம்மா. அப்போ இறங்க வேண்டாம்லா."

நான் கேட்டது தப்பா? மறைக்காம சொல்லுங்க.

வெட்டுமணிக்காரன் | ஞாயிறு, இரவு 9.48

அக்கா, மறைக்காம சொல்லுகேன், கோவிக்கப்பிடாது. அந்த ஆள் கேட்ட முறை தப்பு. கேட்ட காரியம் தப்பில்ல.

எனக்க மக மூணாங்கிளாஸ் படிச்சப்போ கூட ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருந்தான். டீச்சர் ஒரே ஆள். அவன் வெளிய ஓடினா அவங்களும் பின்னால ஓடணும். 38 பிள்ளையள் சும்மா இருக்கும். அந்த வருஷம் வாய்ப்பாடு ஆறுக்கு மேல போகல. சரி, அந்தப் பையனாவது படிச்சானான்னா அதுவும் இல்ல. ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து கம்பியைத் தட்டிக்கிட்டே இருந்தான். அடுத்த வருஷம் நின்னுட்டான். யாருக்கு லாபம்?

சிறப்புப் பள்ளின்னா அதுக்குன்னு படிச்ச டீச்சர், பயிற்சி கொடுக்க ஆள் எல்லாம் இருக்கும். உங்க பிள்ளைக்கு நல்லது எதுவோ அதைப் பாருங்க. சட்டம், உரிமைன்னு நின்னா கஷ்டப்படப் போறது அவன்தான்.

மார்த்தாண்டம்_தேன் | ஞாயிறு, இரவு 9.55

லிஃப்ட் வச்சா தீர்ந்துச்சே.

தக்கலை_வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.20

லிஃப்ட்டாம். எங்கள் பள்ளியில் தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கே மூன்று மாதம் நிர்வாகத்தின் பின்னால் நடந்தோம்.

நான் 27 வருடமாக உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இந்த அம்மா சொல்லும் பள்ளி எது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான பள்ளிகளில் ஸ்டாஃப் ரூம் கீழே இருப்பதற்குக் காரணம் எங்கள் முட்டுவலி. 50 வயதுக்கு மேல் மாடி ஏற முடியவில்லை என்று நாங்கள் சொன்னால் அது நியாயம். 11 வயதுப் பையன் சொன்னால் "தனிப் பள்ளி இருக்கே" என்கிறோம்.

வெட்டுமணிக்காரர் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. ஆறாம் வகுப்பு கீழே வந்துவிடும், சரி. உள்ளே என்ன நடக்கும்? வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவர், ஒப்பந்த ஊழியர். அவர் வரும் நாளில் பிள்ளை லீவு என்றால் அடுத்த முறைதான். மற்ற நாளெல்லாம் எங்களிடம்தான். எனக்கு பி.எட்.டில் இதைப் பற்றி ஒரே ஒரு பாடம் இருந்தது. பரீட்சைக்குப் படித்தேன், மறந்தேன்.

நாகர்கோவில்_வக்கீல் | திங்கள், காலை 7.05

சட்டம் என்று நின்றால் கஷ்டம் என்கிறார் ஒருவர். நிற்பதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பிரிவு 31: குறைந்தது 40 சதவீதம் குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. தேர்வு பிள்ளையுடையது. பின்பெஞ்சு அப்பாவுடையது அல்ல.

பிரிவு 16: அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்துக்குள் அவர்கள் தடையில்லாமல் போய்வர வழி செய்ய வேண்டும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும். உதவிபெறும் பள்ளி இதற்குள் வரும். எதிர்த் தரப்பு வக்கீலாக நான் இருந்தால், அந்தப் பிரிவு "அரசு முயல வேண்டும்" என்றுதானே தொடங்குகிறது என்று வாதாடுவேன். ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பிரிவு 2-இல் இந்த "ஏற்ற மாற்றம்" என்பதற்கு விளக்கம் உண்டு: அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத மாற்றம். லிஃப்ட் கேட்டால் சுமை என்று ஒரு பள்ளி சொல்லிப் பார்க்கலாம். இரண்டு அறைகளை மாற்றிக்கொள்வதில் என்ன சுமை? பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டும் ஆணிச் செலவா?

குளச்சல்_சைகை | திங்கள், மதியம் 1.15

நான் பிறவியிலேயே காது கேளாதவன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எனக்கு முதல் மொழி சைகை.

இங்கே எல்லோரும் ஊர்ப் பள்ளி நல்லது, சிறப்புப் பள்ளி ஒதுக்குவது என்று பேசப் போகிறீர்கள். அதற்கு முன் என் கதை. ஊர்ப் பள்ளியில் 3 வருடம் இருந்தேன். இருந்தேன் என்றால் பெஞ்சில் இருந்தேன். டீச்சர் கரும்பலகை பார்த்துப் பேசுவார், எனக்கு முதுகு தெரியும். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுவேன். எல்லா நோட்டிலும் எனக்கு ரைட் மார்க். 3 வருடம் கழித்து அப்பாவுக்குத் தெரிந்தது, எனக்கு என் பெயர் தவிர ஒன்றும் வாசிக்கத் தெரியாது.

பிறகு பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி, விடுதி. முதல் நாள் ராத்திரி அழுதேன். இரண்டாம் நாள் ராத்திரி தூங்கவில்லை, ஏனென்றால் லைட் அணைக்கும்வரை கை நிறைய பேச்சு. எட்டு வயதில்தான் முதல் முறையாக ஒருவனோடு சண்டை போட்டேன். அதற்கு முன் சண்டை போட மொழி இல்லை.

அதனால் "எல்லோரையும் ஒரே வகுப்பில்" என்று சொல்லும்போது எனக்குப் பயம். 2007-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையில்கூட காது கேளாதவர்களுக்கு சைகை மொழியில் கல்வி என்று இருக்கிறது. சைகை தெரியாத ஆசிரியர், சைகை தெரியாத 40 பிள்ளைகள், நடுவில் ஒருவன். அது சேர்ப்பது இல்லை.

வெட்டுமணிக்காரன் | திங்கள், மதியம் 1.40

இதைத்தானே நானும் சொன்னேன். அனுபவப்பட்டவரே சொல்லியாச்சு.

குளச்சல்_சைகை | திங்கள், மதியம் 1.52

இல்லை அண்ணே. நீங்கள் சொன்னது வேறு. எனக்கு அந்த வகுப்பில் மொழி இல்லை. அக்கா மகனுக்கு மொழி இருக்கிறது, கணக்கு இருக்கிறது, 5 வருடமாக அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள். அவனுக்கு இல்லாதது 22 படி ஏறக் கால். என் கதையை வைத்து அவனை வெளியே அனுப்ப வேண்டாம்.

கருங்கல்_அம்மா | திங்கள், மதியம் 2.30

தம்பி, இதை ரெண்டு தடவை வாசிச்சேன்.

சிறப்புப் பள்ளியை நான் குறைச்சுச் சொல்லல. எங்க பக்கத்துல உள்ள ஒண்ணுக்கு அவனைக் கூட்டிட்டும் போயிருக்கேன். நல்லவங்க, அன்பா பார்த்துக்கிட்டாங்க. ஆனா அங்க உள்ள பிள்ளையள்ல அதிகம் பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவங்க. இவன் தசமக் கணக்கு போடுகவன். அங்க மணி கோத்துக்கிட்டு இருந்தான். வண்டியில வரும்போது, "அம்மா நான் தோத்துட்டேனா?"ன்னு கேட்டான்.

வெட்டுமணி அண்ணே, நீங்க சொன்ன அந்த ஆட்டிசம் பையன் நின்னுட்டான்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. அவன் இப்போ எங்க இருக்கான்னு தெரியுமா?

வெட்டுமணிக்காரன் | திங்கள், இரவு 8.30

தெரியாது அக்கா. விசாரிக்கல. அது ஒரு குறைதான், ஒத்துக்கிடுகேன்.

ஆனா வக்கீல் சாருக்கு ஒரு கேள்வி. சட்டம் 2016-ல வந்தாச்சு. ஒரு கிளாஸுக்கு எக்ஸ்ட்ரா ஒரு டீச்சர் தராம, "எல்லாரையும் சேர்த்துக்கோ"ன்னு சொல்லுகது யாருக்க தலையில விழுது? டீச்சர் தலையில. பிறகு எனக்க பிள்ளை தலையில. நான் கூலி வேலை செய்து படிக்க வைக்கேன் சாரே. எனக்க பிள்ளைக்கும் உரிமை இருக்குல்லா? இதைக் கேட்டா உடனே மனசாட்சி இல்லாதவன்னு பேரு.

நாகர்கோவில்_வக்கீல் | திங்கள், இரவு 9.15

நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றமும் இதைப் பார்த்திருக்கிறது. 2021 அக்டோபரில் தந்த தீர்ப்பில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வைத்தது. அதாவது நீங்கள் கேட்கும் அந்த இரண்டாவது ஆசிரியர் சட்டத்துக்கு எதிரான கோரிக்கை அல்ல, சட்டத்தின் பக்கம் நின்று கேட்கவேண்டிய கோரிக்கை. உங்கள் மகளுக்கு ஆறாம் வாய்ப்பாட்டோடு நின்றதற்குக் காரணம் அந்தப் பையன் அல்ல, வராத ஆசிரியர். கோபத்தை அனுப்பும் விலாசம்தான் மாறிவிட்டது.

தக்கலை_வாத்தியார் | திங்கள், இரவு 9.40

வக்கீலுக்கு விலாசம் எழுதுவது எளிது. தீர்ப்பு வந்தது, என் வகுப்பறைக்கு இன்னும் யாரும் வரவில்லை. வரும்வரை நான் என்ன செய்வது என்பதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. கை மெதுவாக ஓடும் பிள்ளைக்கு 10 கணக்குக்குப் பதில் 5 கணக்கு. அவன் வாயால் சொல்வான், பக்கத்துப் பிள்ளை எழுதும். எழுதும் பிள்ளைக்கும் அந்தப் பாடம் இரண்டாவது முறை மண்டையில் ஏறும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆளும், கூடுதல் ஒரு மணி நேரமும் அரசே தருகிறதே. அதை ஆறாம் வகுப்பிலேயே பழக்கிவிட்டால் பத்தாம் வகுப்பில் திணற மாட்டான்.

2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் பேசுகிறோம். நானே நாலு முறை மைக்கில் பேசியிருக்கிறேன். மீதி எட்டே கால் சதவீதத்தில் யார் யார் இருப்பார்கள் என்று ஒரு முறைகூட நான் யோசித்ததில்லை.

கோட்டாறு_வெள்ளைக்கோல் | செவ்வாய், காலை 6.30

எனக்குக் கண் தெரியாது, வங்கியில் வேலை. இந்த விவாதம் முழுவதையும் போன் வாசிக்கக் கேட்டேன். வெட்டுமணி அண்ணன் கோபத்தையும் லிஃப்ட் யோசனையையும் ஒரே குரலில் வாசித்தது, ரொம்ப நடுநிலைமை.

2010-இல் அரசு "மாற்றுத்திறனாளி" என்று பெயர் மாற்றியது. நல்ல பெயர். எங்கள் தெருவில் நான் இன்றும் "சுகமில்லாத பிள்ளை". எனக்கு நல்ல சுகம், பிரஷர்கூட இல்லை.

கருங்கல் அக்கா, ஒரு யோசனை. வாயால் கேட்டதை விட்டுவிடுங்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதி ஹெச்எம்மிடமும் தாளாளரிடமும் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மகனின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலும் இணையுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். பெரும்பாலும் அதுவரை போகாது, கையெழுத்துக் கேட்டாலே பாதி வேலை நடக்கும். இன்னொன்று, தண்ணீர் விஷயத்தைக் கடிதத்தில் முதல் வரியாக எழுதுங்கள்.

கருங்கல்_அம்மா | வியாழன், மாலை 5.20

கொடுத்தேன். கையெழுத்து கிடைச்சது. ஹெச்எம் கம்ப்யூட்டர் ரூமை மேலே கொண்டுபோகலாம்னு சொல்லுகார், வயர் இழுக்கணும், தாளாளர்கிட்ட கேட்கணுமாம். ஸ்டாஃப் ரூமைப் பற்றி வாயே திறக்கல. தக்கலை சார் சிரிக்கப்பிடாது.

போகும்போது ஒண்ணு கவனிச்சேன். பள்ளிக்கூட முன்வாசல்ல தேர்தலுக்குக் கட்டின சரிவு இருக்கு, வாக்குச்சாவடிங்கதால. அஞ்சு வருஷமா அதுலதான் போறான். ஒவ்வொரு தடவையும் வாக்கர் பின்னால இழுக்கும், யாராவது முதுகைப் பிடிக்கணும். அவனுக்கு பலம் போதலன்னுதான் நான் நினைச்சிருந்தேன்.

வெட்டுமணிக்காரன் | வியாழன், இரவு 7.45

அக்கா, நான் கட்டட வேலைக்காரன். உயரம் எவ்வளவு, நீளம் எவ்வளவு?

கருங்கல்_அம்மா | வெள்ளி, காலை 9.30

உயரம் ஒன்றரை அடி. நீளம் ஆறு அடி.

வெட்டுமணிக்காரன் | வெள்ளி, காலை 9.41

ஆறா? பலமும் இல்ல ஒண்ணும் இல்ல அக்கா. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விடணும், அதுதான் கணக்கு. ஒன்றரைக்கு 18 அடி வரணும். ஆறடியில கட்டினா அது லாரியில சாமான் ஏத்த வைக்க பலகை. எந்தக் கொத்தனார் கட்டினானோ. இடம் இல்லன்னா நடுவுல திருப்பம் போட்டு மடக்கிக் கட்டலாம், ரெண்டு பக்கமும் கைப்பிடி வைக்கணும்.

கிளாஸ் விஷயத்துல எனக்க கருத்து மாறல, அதையும் சொல்லிடுகேன். டீச்சர் இல்லாம சேர்க்கது சரியில்ல. அது வேற, இது வேற.

கீழே உள்ள பாத்ரூம் வாசல் எவ்வளவு அகலம்? கதவை அளக்கப்பிடாது, நிலைக்கு உள்பக்கம் டேப் வச்சு அளக்கணும். குறைஞ்சது மூணு அடி வேணும்.

கருங்கல்_அம்மா | வெள்ளி, மதியம் 12.50

ரெண்டேகால்.