ரசிகர் சந்திப்பு 2026: கிருஷ்ணகிரியா, தர்மபுரியா? ஜூனா, ஜூலையா?

பர்கூர் ரசிகன்:
எம்.எஸ்.வி. – கண்ணதாசன் ரசிகர் வட்டத்தின் இந்த வருடச் சந்திப்புக்கு ஊரும் தேதியும் முடிவாகணும். வருகிறவர்கள் சுமார் 60 பேர். பெங்களூர், ஓசூரிலிருந்து 25, சேலம், ஈரோடு, கோவையிலிருந்து 18, சென்னை, வேலூரிலிருந்து 10, மீதி உள்ளூர். பாதிப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இருவருக்கும் பிறந்தநாள் ஜூன் 24. அது புதன்கிழமை வருவதால் 28 ஞாயிறு, கிருஷ்ணகிரி என்று நினைக்கிறோம். பாட்டு, மதியச் சாப்பாடு, சாயங்காலம் கிளம்பிவிடலாம். சரிவருமா?

கோட்டை மேடு:
தேதியும் சரிவராது, ஊரும் சரிவராது சார்.

ஜூன் 28 ஆனி வளர்பிறை. ஞாயிறு வேறு. கல்யாண வீட்டுக்காரர்கள் ஆறு மாதம் முன்னாடியே மண்டபத்தைப் பிடித்திருப்பார்கள். மிச்சம் இருப்பது மாடி ஹால்தான், வயதானவர்கள் ஏறணும். போதாததற்கு அது மாங்கனிக் கண்காட்சி சீசன், கிருஷ்ணகிரி ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் தேடணும்.

ஊர் விஷயத்தில் ஒரே கேள்வி ரயில். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. தர்மபுரியோ சேலம் – ஓசூர் – பெங்களூர் பாதையில் இருக்கிறது. பெங்களூர் ஆட்களுக்குக் காலையில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி, கோவை ஆட்களுக்கு வந்தே பாரத், இரண்டும் தர்மபுரியில் நிற்கும். உங்கள் கணக்கில் 43 பேர் இந்தப் பாதைக்காரர்கள். முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும், அதற்குள் தேதி முடிவாகியிருக்கணும்.

ஓசூர் வாசகர்:
ஊர் தர்மபுரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேதிக்கு ஆடிதான் வழி. முகூர்த்தம் இல்லாததால் மண்டபக்காரர் வாடகையில் இறங்கி வருவார். எம்.எஸ்.வி. மறைந்தது 2015 ஜூலை 14. அதையொட்டி ஜூலை 19 ஞாயிறு வைத்தால் பொருத்தமும் இருக்கிறது, ஆடியும் பிறந்திருக்கும். அது தவறினால் 26.

ஆகஸ்டுக்குத் தள்ளாதீர்கள். 3ஆம் தேதி ஆடிப்பெருக்கு, முந்தின நாள் ஞாயிறே ஒகேனக்கல் கூட்டம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நிரம்பிவிடும். 12ஆம் தேதி அமாவாசை முடிந்ததும் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்குச் சிராவண மாதம் பிறந்துவிடும். நமக்கு ஆடி இருக்கும்போதே எங்கள் பக்கம் கல்யாணம் ஆரம்பித்துவிடும். ஆகஸ்ட் 16க்கு மண்டபம் கேட்டால் சிரிப்பார்கள். அதோடு 15 சனிக்கிழமை, விடுமுறை முடிந்து பெங்களூர் திரும்பும் வண்டிகள் ஞாயிறு மாலை கர்நாடக எல்லை அத்திப்பள்ளியில் நகராது.

பர்கூர் ரசிகன்:
ஜூலை 19 நல்ல யோசனை அண்ணே. சென்னைக்காரர்கள் என்ன செய்வது? அவர்களுக்குக் கிருஷ்ணகிரிதானே கிட்ட?

மொரப்பூர் லைன்:
பஸ்ஸில் வந்தால் கிட்ட. ரயிலில் வந்தால் மொரப்பூர் இருக்கிறது, ஜோலார்பேட்டை – சேலம் மெயின் லைன். அங்கிருந்து தர்மபுரி பஸ்ஸில் ஒரு மணி நேரம். பத்துப் பேர் ஒரே ரயிலில் வந்தால் ஒரு வேன் பேசிவிடலாம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் ஏறும்போதே கண்டக்டரிடம் ஊருக்குள் போகுமா என்று கேட்கணும். பைபாஸிலேயே இறக்கிவிடும் வண்டிகள் உண்டு.

நிகழ்ச்சி நேரத்தையும் ரயிலை வைத்தே போடுங்கள். 11 மணிக்கு முன்னால் பாட்டைத் தொடங்கினால் கோவை ஆட்கள் தவறவிடுவார்கள். நாலு மணிக்கு முடித்துவிடணும். காரில் சேலம் போகிறவர்கள் தொப்பூர் இறக்கத்தை வெளிச்சத்திலேயே தாண்டுவது நல்லது, லாரி பிரேக் பிடிக்காமல் விபத்து நடக்கும் இடம்.

கோட்டை மேடு:
மண்டபம் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டு வராதீர்கள். கரண்ட் யூனிட் கணக்கு, கிளீனிங், ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, எல்லாம் தனித்தனி பில் வரும். வழக்கமாக முந்தின நாள் மாலை முதல் மறுநாள் மதியம் வரைதான் ஒரு வாடகை. நமக்கு நாலு மணி வரை வேணும், அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கீபோர்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பாயிண்டிலிருந்து லைன் எடுக்கச் சொல்லுங்கள், எர்த்தும் சரியாக இருக்கணும். வேறு வேறு பாயிண்டில் சொருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும், பழைய மெலடிப் பாட்டுக்கு அது ஆகாது.

சாப்பாட்டை 60 இலைக்குச் சொல்லாமல் 50க்குச் சொல்லி, எண்ணிக்கையை ஏற்ற வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேளுங்கள். சமையல்காரர் ஏற்றுவதற்குச் சம்மதிப்பார், குறைக்கச் சம்மதிக்கமாட்டார்.