வெட்சூட் முழங்காலைத் தாண்டவில்லை, சனிக்கிழமை டைவ். அவசர உதவி!

குரோம்பேட்டைமீன் (புதன், இரவு 10.40)
சனிக்கிழமை காலை புதுச்சேரியில் ஸ்கூபா டைவ். அதற்குப் போடும் ரப்பர் உடை, அந்த வெட்சூட் ஏறவே மாட்டேன் என்கிறது. நேற்று முக்கால் மணி நேரம் போராடினேன். இடது கால் மட்டும் பாதி போனது. கழற்றுவதற்கு மனைவியும் மைத்துனனும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க வேண்டியதாயிற்று. எளிதாக மாட்ட வழி இருந்தால் சொல்லுங்கள்.

உப்புக்காற்று
தடிமன் எத்தனை மி.மீ.? ஜிப் முதுகிலா, மார்பிலா? புதியதா, பழையதா?

நண்டுவளை
மாட்டும்போது உடம்பு ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா? உள்ளே என்ன போட்டிருந்தீர்கள்?

ஆழி_18மீ
எதுவாக இருந்தால் என்ன, ஒரே வழிதான். பாதத்தில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு காலை விடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பாதம் வெளியே வந்ததும் கவரை உருவி அடுத்த காலுக்கு. கைக்கும் அதேதான். ஜவுளிக்கடைக் கவர்தான் உத்தமம். 2019 தடைக்கு முன்னால் வாங்கியது ஒன்று இன்னும் என் பையில் இருக்கிறது, பொக்கிஷம்.

வெள்ளைப்பவுடர்
டால்கம் பவுடர் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

நண்டுவளை
மே மாதப் படகில் பவுடரா? ஐந்து நிமிடத்தில் வியர்வையோடு சேர்ந்து இட்லி மாவாகிவிடும்.

கடல்வாத்தியார்
வருடா வருடம் மாம்பழம் வருகிறதோ இல்லையோ, இந்தக் கேள்வி வந்துவிடும். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. விவரம் தராமல் வைத்தியம் கேட்டால் கிடைப்பது கவரும் பவுடரும்தான்.

குரோம்பேட்டைமீன் (வியாழன், காலை 7.15)
மன்னிக்கவும். 5 மி.மீ., முழு சூட், முதுகு ஜிப். மெல்பர்னில் இருக்கும் சித்தப்பா மகன் கொடுத்தது. அவன் கொஞ்சம் ஒல்லி. குளித்துவிட்டு வந்து துவட்டிக்கொண்டே மாட்டினேன். வழுக்கட்டும் என்று லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

உப்புக்காற்று
தேங்காய் எண்ணெயா!

ஆழி_18மீ
ஐயோ.

கடல்வாத்தியார்
தம்பி, அது நியோப்ரீன். உள்ளே பொடிப்பொடியாக வாயுக் குமிழ்கள் அடைபட்ட ரப்பர் நுரை. எண்ணெயும் வாசலினும் பட்டால் ரப்பரும் ஒட்டுப்பசையும் நாளடைவில் கெடும். இன்றைக்கே மிதமான சோப்பு போட்டு நன்றாக அலசி நிழலில் காயப்போடுங்கள்.

அடுத்து, அரை ஈரம். ஒன்று உடம்பும் சூட்டும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் முழுக்க நனைந்திருக்க வேண்டும். துவட்டியும் துவட்டாமலும் இருக்கிற தோலைத்தான் ரப்பர் கவ்விக்கொள்ளும். வியர்த்த உடம்பும் அப்படியே. மெல்லிய லைக்ரா உடை ஒன்றை உள்ளே போட்டால் பாதி சண்டை முடிந்தது. இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் நாலு சொட்டு குழந்தை ஷாம்பு கலந்து உள்ளே ஊற்றுங்கள்.

மாட்டுகிற முறைக்கு வருகிறேன். சூட்டை இடுப்பு வரை உள்புறம் வெளியே வரும்படி மடித்துக்கொண்டு உட்காருங்கள். காலின் ஓரம் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் ஏறும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். அதன் பிறகு விரல் சதையால் பிடிபிடியாக மேலே நகர்த்துங்கள். நகம் பட்டால் பிறைநிலா வடிவில் கிழியும். கவட்டையில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்த பிறகுதான் கை. தோள் இறுக்கம் என்று புலம்புகிறவர்களில் முக்காலே மூணு வீசம் பேருக்குக் கோளாறு கவட்டையில்தான்.

முத்துநகர்க்காரன்
இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் காலில் கல்லும் இடுப்பில் கோவணமுமாக இறங்கிச் சங்கும் முத்தும் எடுத்தார்கள். 28 டிகிரி தண்ணீருக்கு 5 மி.மீ. ரப்பரா? சட்டியில் வேகிற மாதிரி வேக வேண்டியதுதான்.

உப்புக்காற்று
அவர்கள் மூச்சடக்கி ஒரு நிமிடம் போய் வந்தார்கள். இவர் 45 நிமிடம் உள்ளே இருக்கப் போகிறார். காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சும். 28 டிகிரியிலும் இரண்டாவது டைவில் பல் தந்தியடிக்கும்.

முத்துநகர்க்காரன்
இப்போது எங்கள் ஆட்கள் படகிலிருந்து காற்று வரும் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கிறார்கள். யாருக்கும் பல் தந்தியடித்து நான் பார்த்ததில்லை.

உப்புக்காற்று
கரையில் நின்று பார்த்தால் தெரியாது அண்ணாச்சி. நான் பார்த்தவர்கள் முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டுத்தான் இறங்குகிறார்கள்.

முத்துநகர்க்காரன்
அது குளிருக்கு இல்லை, சொறி என்கிற ஜெல்லி மீனுக்கு. சொறி பட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நண்டுவளை
அதற்கும் ஒரு உறை வேண்டும் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்களே. சரி, இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள்.

எல்லோரும் காலையே பேசுகிறீர்கள், எனக்குக் கழுத்துதான் கவலை. ஒல்லியான ஆளின் சூட் என்கிறார். கழுத்து வளையம் இறுக்கினால் அங்கே ஓடும் ரத்தக்குழாயில் அழுத்தம் விழுந்து, மூளை அதை ரத்த அழுத்தம் கூடியதாக எடுத்துக்கொண்டு இதயத்துடிப்பைக் குறைத்துவிடும். எனக்கே ஒருமுறை படகில் கண் இருட்டியது. கடல் மயக்கம் என்று எலுமிச்சை முகர்ந்துகொண்டிருந்தேன். யாரோ முதுகு ஜிப்பைத் திறந்ததும் சரியாயிற்று.

ஆழி_18மீ
கீழே போனால் தளர்ந்துவிடும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, நுரை மெலியும்.

கடல்வாத்தியார்
அந்த 10 மீட்டருக்கு முன்னால் வெயிலில் அரைமணி நேரம் படகில் உட்கார வேண்டுமே, அதை யார் கணக்கில் எடுப்பது? இறங்குகிற இடம் வரும்வரை இடுப்போடு நிறுத்திவையுங்கள். 5 மி.மீ. நுரை அதிகம் மிதக்கும், கீழே இறங்க இடுப்பில் கட்டும் ஈயமும் கூடுதலாக வேண்டும், கூட வரும் பயிற்றுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், சித்தப்பா மகன் எவ்வளவு ஒல்லி?

வெள்ளைப்பவுடர்
பவுடரை யாருமே முயன்று பார்க்கவில்லை.

குரோம்பேட்டைமீன் (ஞாயிறு, இரவு 9.05)
போய் வந்தேன். கவர் பலே, கால் இரண்டும் பத்து நிமிடத்தில் ஏறின. கழுத்து வரை ஜிப் போட்டதும் தலை லேசாகச் சுற்றியது. கழற்றிவிட்டு அங்கேயே 3 மி.மீ. வாடகைக்கு எடுத்தேன். இரண்டு டைவ், அருமை. நண்டுவளை அண்ணாவுக்கு நன்றி. ஒரு கவர் இன்னும் வலது காலுக்குள் எங்கோ இருக்கிறது.

நண்டுவளை
அண்ணா இல்லை, அக்கா.

கடல்வாத்தியார்
எண்ணெயை அலசினீர்களா?

கடல்வாத்தியார் (புதன்)
தம்பி?