கலவைச் சருமத்தில் இறந்த செல்களை நீக்க எந்த முறை பாதுகாப்பானது?

அனைவருக்கும் வணக்கம். என் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடிபவை. கன்னங்களோ குளித்த அரை மணி நேரத்திலேயே வறண்டு இழுக்கும். இறந்த செல்களை நீக்குவதற்குச் சிறுவயது முதல் பயத்தமாவையும், சில காலமாக வால்நட் ஓட்டுத்தூள் கலந்த ஸ்கிரப்பையும் பயன்படுத்தி வந்தேன். அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்ற பழைய நம்பிக்கையில் ஸ்கிரப்பை வாரம் நான்கு முறை தேய்த்ததால் கன்னங்களில் எரிச்சல் ஏற்பட்டு, அது ஆறிய இடங்களில், மாநிறச் சருமத்தில் எளிதில் நேர்வது போலவே, கருமை தங்கிவிட்டது.

எண்ணெயில் கரையும் சாலிசிலிக் அமிலம் துளைகளின் அடைப்பை நீக்கும் என்றும், வறண்ட சருமத்திற்கு லாக்டிக் அமிலம் சற்று மென்மையானது என்றும், கிளைகோலிக் போன்ற அமிலங்களைப் பூசுவோர் பகலில் சன்ஸ்கிரீனைத் தவிர்க்கக் கூடாது என்றும் அறிவேன். என் ஐயம் இதுதான்: 2 சதவீத சாலிசிலிக் அமிலத்தை நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் வாரம் ஒரு முறை பூசிக்கொண்டு, கன்னங்களை எரிச்சல் முழுமையாக அடங்கும்வரை அப்படியே விட்டுவிடலாமா? பருக்களுக்காக வாரம் மூன்று இரவுகள் வைட்டமின் ஏ வகை மருந்தான அடாபலீனும் பூசுகிறேன். அந்த இரவுகளில் மட்டும் அமிலத்தைத் தவிர்ப்பது போதுமா? கலவைச் சருமம் உள்ளவர்களும், குழுவில் இருக்கும் தோல் மருத்துவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.