புற்றுநோய் மரபியல் இதழ்: எதற்கு அனுப்பலாம்?

வணக்கம் நண்பர்களே. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் வழக்கமாக 9, 22ஆம் குரோமோசோம்கள்தான் துண்டு மாற்றிக்கொள்ளும். மூன்றாவதாக இன்னொன்றும் சேர்ந்துகொண்ட ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதி முடித்திருக்கிறேன். எங்கே அனுப்புவது என்பதில்தான் குழப்பம்.

'இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்' என்கிறார் வழிகாட்டி. சரி, பார்த்தேன். முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகளுக்கு ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. இதே போன்ற இன்னொரு அளவீடான சைட்ஸ்கோரோ 4 ஆண்டுக் கணக்கு. எதை நம்புவது? நாலைந்து மறுஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளினாலே சராசரி ஏறிவிடும். அப்படிப்பட்ட இதழில் என் ஒற்றை நோயாளிக் கட்டுரையை யார் சீண்டுவார்கள்?

'கேன்சர் ஜெனெடிக்ஸ்' இதழ் 2010 வரை பெயரிலேயே சைட்டோஜெனெடிக்ஸையும் (குரோமோசோம்களை ஆராயும் துறை) வைத்திருந்தது. குரோமோசோம்களை வரிசையாக அடுக்கிக் காட்டும் என் கேரியோடைப் படங்கள் அங்கே போதுமா, இல்லை மரபணு வரிசைப்படுத்தலும் கேட்பார்களா? அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள், முதல் பதில் வர எத்தனை வாரம் ஆனது என்றும் சொல்லுங்கள்.

அப்புறம், 'மூன்றே நாளில் வெளியிடுகிறோம்' வகை இதழ்கள் மட்டும் வேண்டாம். அந்த மின்னஞ்சல்களை நான் திறப்பதே இல்லை.