வீவக வீட்டுக்குள் இரண்டு, கீழ்த்தளத்தில் இருபது: பூனையை எண்ணி என்ன ஆகப்போகிறது?

சட்டப்படி எழுதியது:

சிங்கப்பூர் பூனை விதிகளைப் பற்றிப் பேசுபவர்களில் பாதிப்பேர் பழைய விதியையும் புதிய விதியையும் கலந்தே பேசுகிறார்கள். அதனால் முதலில் விதி என்ன சொல்கிறது என்று வைத்துவிடுகிறேன்.

1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூனைக்குத் தடை. வீட்டுக்குள் அடங்கி இருக்காது, முடி உதிர்க்கும், பொது இடத்தில் அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். 2024 செப்டம்பர் 1 அன்று அந்தத் தடை நீங்கியது. இப்போது வீவக வீட்டுக்கு 2 பூனை, தனியார் வீட்டுக்கு 3. நுண்சில்லும் (பூனையின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) உரிமமும் கட்டாயம். முதன்முறை விண்ணப்பிப்பவர் இணையத்தில் இலவசப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை மாற்றுக்காலம். திட்டம் தொடங்கும் முன்பே வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்கள் அதற்குள் உரிமத்துக்கு விண்ணப்பித்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு உரிமமில்லாமல் வைத்திருந்தால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

என் கேள்வி: மேலே வீட்டுக்குள் மூன்றாவது பூனை வந்தால் விதிமீறல். புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் இருபது தெருப் பூனைக்குத் தீனி போட்டால் அதில் குற்றம் எதுவும் இல்லை, மிச்சத்தைத் தரையில் விட்டுப் போனால்தான் குப்பை போட்ட குற்றம். இந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம்?

நாலாவது_மாடி எழுதியது:

அர்த்தம் இருக்கிறது. ஒருவர் பூனையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாரா என்று வாசலில் நிற்கும் அதிகாரியால் அளக்க முடியாது. எண்ண முடியும். அளக்க முடிந்த ஒன்றை வைத்துத்தான் விதி எழுத முடியும்.

மூவறை வீடு என்றால் சுமார் 60 முதல் 65 சதுர மீட்டர். அதில் ஐந்து பூனை. ஒவ்வொரு பூனைக்கும் ஒரு கழிவுத் தட்டு (மணல் நிரப்பியது), அதற்கு மேல் ஒன்று கூடுதல் என்பது பூனை வளர்ப்பவர்களே சொல்லும் கணக்கு. ஆறு தட்டுகளை எங்கே வைப்பீர்கள்? ஒரு பூனை நாளுக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். ஐந்து பூனை என்றால் பத்திலிருந்து இருபது ஈர மண்கட்டி. காலை, மாலை இரு வேளையும் அள்ளாவிட்டால் அமோனியா நெடி தாழ்வாரம் வரை வரும். அள்ளியதை ஒற்றைப் பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போட்டால், விழுகிற வேகத்தில் பை கிழிந்து ஈரமண் குழாய்ச் சுவரில் ஒட்டும். அந்த நாற்றம் எல்லா மாடிக்கும் பொது.

பொறிக்கூண்டு எழுதியது:

நாலாவது_மாடி அண்ணே, தட்டுக் கணக்கு சரிதான். ஆனால் விதி எண்ணுவது தலையை. தொல்லை தருவது தலை அல்ல.

கருத்தடை செய்யாத ஆணும் பெண்ணுமாக இரண்டு பூனை சட்டப்படி சரி. கருத்தடை செய்த ஐந்து பூனை தப்பு. பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பருவத்தில் கத்துகிற கத்தலுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தை அழைக்கிறார். கடுவன் சுவரில் பீய்ச்சுகிற சிறுநீரின் வீச்சத்தை எந்தத் தட்டும் தடுக்காது. இந்த இரண்டையும் பெருமளவு அடக்குவது கருத்தடைதான். அதை விதி கட்டாயமாக்கவில்லை, ஊக்குவிப்பதோடு நிறுத்திக்கொண்டது. மாற்றுக்காலத்தில் முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு உரிமக் கட்டணம் இல்லை. கருத்தடை செய்த பூனைக்கு ஆயுள் உரிமம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கருத்தடைக்கும் நுண்சில்லுக்கும் உதவித் திட்டம் இருக்கிறது. நல்லது. கட்டாயம் மட்டும் இல்லை.

(அந்தத் தடை நடப்பில் இருந்த நாளிலேயே, 1990களின் தொடக்கத்தில், சிங்கப்பூரா என்ற இனப் பூனையைச் சுற்றுலாச் சின்னமாக்கி ஆற்றோரம் சிலையும் வைத்தோம். சிலைக்கு உரிமம் தேவையில்லை போலும்.)

வலைக்கட்டு எழுதியது:

நாற்றம், எண்ணிக்கை எல்லாம் அப்புறம். உரிம நிபந்தனையில் நிறையப் பேர் கோட்டைவிடுவது சன்னல். பூனை வெளியே திரியக் கூடாது, கீழே விழக் கூடாது என்பதற்காக சன்னலுக்கும் கதவுக்கும் வலை போடச் சொல்கிறார்கள். அதில் வழக்கமாக நடக்கும் தப்புகள்:

சாதாரணக் கொசுவலையை ஒட்டிவிட்டு முடிந்தது என்பார்கள். நகத்தால் கிழிக்கும், நாலு கிலோ எடை மோதினால் ஓரம் பிய்ந்து வரும். பிளாஸ்டிக் பூசிய கம்பிவலை அல்லது தடித்த பாலியெஸ்டர் வலை வேண்டும். கிரில்லின் உட்பக்கம் கட்டுங்கள். வெளிப்பக்கம் எதையும் பொருத்தாதீர்கள், அது கீழே விழுந்தால் வழக்கு உங்கள் மேல்.

வலையைக் கட்டும் கேபிள் டை (பிளாஸ்டிக் பட்டி) வெயிலில் காய்ந்து நொறுங்கும். வெள்ளை சீக்கிரம் போகும், வெயில் தாங்கும் கறுப்பு வாங்குங்கள். ஒரு சாணுக்கு ஒன்று போட்டு, மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். வாசல் கதவில் பாதி உயரத்துக்கு வலை போட்டுப் பயனில்லை. பூனை ஒன்றரை மீட்டர் சுலபமாகத் தாவும். மேலிருந்து கீழ்வரை போடுங்கள். அடியில் உள்ள இடைவெளியையும் பாருங்கள், குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

இன்னொன்று, தாழ்வாரத்தில் கூண்டு வைக்காதீர்கள். தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி காலியாக இருக்க வேண்டும். பூனைப் பிரச்சினையாக வரவேண்டிய கடிதம் தீப்பாதுகாப்புக் கடிதமாக வரும்.

நாலாவது_மாடி எழுதியது:

வலைக்கட்டு சொல்வது வீட்டுக்குள் வளர்ப்பவருக்கு. என் புகார் கீழ்த்தளத்தைப் பற்றி. வேறு புளோக்கிலிருந்து இரவு பதினொரு மணிக்கு வந்து, செய்தித்தாளை விரித்து ஒரு குவியல் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நள்ளிரவில் எலியும் கரப்பானும், விடிந்தால் புறா. புறாவுக்குத் தீனி போடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பூனை பெயரில் போட்டால் குற்றமில்லையா? தண்ணீர்க் கிண்ணத்தை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் ஏடிஸ் கொசு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல்: தீனி போடும் இடம் என்று பேர் வாங்கிய புளோக்கில்தான் மற்றவர்கள் தங்கள் பூனையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கைவிடுவது 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ கிடைக்கக்கூடிய குற்றம். யார் விட்டார்கள் என்று நிரூபிப்பது யார்?

பொறிக்கூண்டு எழுதியது:

குவியல் கொட்டுகிறவரை நான் காப்பாற்றப்போவதில்லை. அவர் போடுவது பூனைக்கு இல்லை, எலிக்கு. முறை தெரிந்தவர் போடுவது இப்படி:

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், முடிந்தவரை வெளிச்சம் இருக்கும்போது. மின்தூக்கிக்கும் குப்பை அறைக்கும் தள்ளி. வளர்ந்த பூனைக்கு உலர்தீனி நாளுக்கு 50, 60 கிராம். தலைக்கு ஒரு தட்டு, தரையில் நேரடியாக வேண்டாம். அரை மணி நேரம் நின்று, மிச்சத்தை அள்ளி, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போக வேண்டும். தட்டு எதுவும் இரவு தங்கக் கூடாது. தண்ணீர் தினம் மாற்றி, கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டை தண்ணீரில் இல்லை, விளிம்பில் ஒட்டியிருக்கும்.

ஒரே நேரத் தீனி ஏன் என்றால், கருத்தடைக்குப் பிடிக்கப் பொறிக்கூண்டு வைக்க. எந்தப் பூனை எப்போது வரும் என்று தெரியாமல் பிடிக்க முடியாது. முதலில் மருத்துவமனையில் இடம் பதிவு செய்துவிட்டு, முந்தைய வேளைத் தீனியை அந்த இடத்தில் தீனி போடும் எல்லோரும் நிறுத்த வேண்டும். ஒருவர் இரக்கப்பட்டு ரகசியமாகப் போட்டால் அன்றைய வேலை பாழ். கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்து, மிதிபலகைக்குப் பின்னால் எண்ணெயில் ஊறிய டின் மீன் ஒரு கரண்டி, வாசலிலிருந்து உள்ளே சொட்டுச் சொட்டாக வாசனைக்கு. கதவு விழுந்த நொடியே துணி போட்டு மூடுங்கள், இருட்டானால் அடங்கிவிடும். மூடத் தாமதித்தால் கம்பியில் மூக்கை இடித்து ரத்தம் வரும். கூண்டை வைத்துவிட்டு நகர்ந்து போகவே கூடாது.

பிடித்தது பெட்டை என்றால் வயிற்றைப் பாருங்கள். முலைக்காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து, காம்பு நீண்டிருந்தால் எங்கோ குட்டி பசியில் கிடக்கிறது. விட்டுவிட்டு முதலில் குட்டியைத் தேடுங்கள். அறுவைக்குப் பிறகு கடுவனை ஒரு நாள், பெட்டையை இரண்டு நாள் வைத்திருந்து, மயக்கம் முழுதாகத் தெளிந்து சாப்பிடுவதைப் பார்த்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். இடது காது நுனி வெட்டியிருப்பது அடையாளம். அதைப் பார்த்தால் இன்னொரு முறை கத்திக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கடுவன் அறுவைக்குப் பிறகும் சில வாரம் சினைப்படுத்த முடியும் என்பதை மறந்துவிட்டு, கருத்தடை பலிக்கவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு.

பிடித்துக் கொன்றால் தீரும் என்பதும் பழகிப் பார்த்த வழிதான். 1998இல் தொடங்கிய தெருப் பூனை மறுவாழ்வுத் திட்டத்தை (கருத்தடை செய்து திரும்ப விடுவது) 2003இல் சார்ஸ் நேரத்தில் நிறுத்திவிட்டுப் பிடித்தார்கள். பூனை தீர்ந்ததா? காலியான இடத்துக்குப் பக்கத்து புளோக் பூனை வந்தது. கடைசியில் அதிகாரிகளே கருத்தடைக்குத்தான் திரும்பினார்கள்.

நாலாவது_மாடி எழுதியது:

காலியிடத்துக்குப் பூனை வரும் என்பதை எல்லா விவாதத்திலும் தூக்கிப் போடுகிறீர்கள். இடம் இழுக்கவில்லை தம்பி, தீனி இழுக்கிறது. கொல்லச் சொல்லவில்லை நான். ஆனால் இருபதில் ஐந்துக்குக் கருத்தடை செய்துவிட்டுப் படம் போடுவதால் எண்ணிக்கை குறையாது. மிச்சப் பெட்டைகள் ஒரே வருடத்தில் அந்த ஐந்தை ஈடுகட்டிவிடும். பத்துக்கு ஏழு எட்டாவது, அதுவும் குறுகிய காலத்தில் முடித்தால்தான் கீழே இறங்கும். அதை யார் கணக்கு வைக்கிறார்கள்? தீனி போடுகிறவர்களைப் பதிவு செய்யுங்கள் என்கிறேன். பெயர், புளோக், நேரம்.

பொறிக்கூண்டு எழுதியது:

ஏழு எட்டு கணக்கில் நமக்குள் சண்டை இல்லை. பதிவோடு அபராதத்தைச் சேர்த்துக் கட்டினால், முதலில் விலகுவது துடைத்துவிட்டுப் போகிறவர். இரவு பதினொரு மணிக்காரர் எந்தப் பதிவுக்கும் வரமாட்டார்.

கணக்கு வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஒரு பூனைக்கு ஒரு வரி: இருபக்கப் படம், ஆணா பெண்ணா, காது வெட்டியதா, தேதி, மருத்துவமனை, கடைசியாகப் பார்த்த நாள். புதிய முகம் வந்தால் அன்றே நுண்சில்லு வருடியில் காட்டுங்கள். 15 இலக்க எண் வந்தால் அதற்கு உரிமையாளர் இருக்கிறார். தொலைந்ததா கைவிட்டதா என்று விசாரிக்க அப்போதுதான் பிடி கிடைக்கும். நீங்கள் கேட்ட ‘யார் நிரூபிப்பது’ என்பதற்கு 2024 விதியில் எனக்குப் பிடித்த ஒரே பதில் இது.

சட்டப்படி எழுதியது:

நகர மன்றக் கடிதம் வந்தால் பலரும் கோபத்தில் பதில் எழுதிக் கெடுத்துக்கொள்கிறார்கள். ‘பூனைக்கும் உயிர் உண்டு’ என்று இரண்டு பக்கம் எழுதினால் கோப்பில் அதற்கு இடமே இல்லை.

கடிதம் யாரிடமிருந்து என்று முதலில் பாருங்கள். பொது இடச் சுத்தம், தாழ்வாரம் நகர மன்றம். வீட்டுக்குள் வளர்ப்பது வீவக. உரிமம், கொடுமை, கைவிடல், தெருப் பூனைக் கருத்தடை எல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை. 2019 ஏப்ரல் வரை இந்த வேலை வேறு ஆணையத்திடம் இருந்ததால் பழைய கடிதங்களை எடுத்துக்காட்டுபவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். பிறகு, புகார் எந்த இடம், எந்த நேரம் என்று கேளுங்கள். பொறிக்கூண்டு சொன்ன பட்டியலையும், தீனி முடிந்து துடைத்த இடத்தின் தேதியிட்ட படத்தையும் இணைத்து ஒரு பக்கத்தில் முடியுங்கள். வரம்புக்கு மேல் வைத்திருப்பவர் அந்த வேகத்தில் மூன்றாவதைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. எண்ணிக்கை மீறலைச் சரிசெய்யப் போய்க் கைவிடல் குற்றத்தில் மாட்டுவார்.

அண்டைவீட்டார் தகராறு என்றால் சமூகச் சமரச நிலையம். அங்கும் முடியாவிட்டால் 2015 சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம். வளர்ப்பவரின் பூனை அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதும், அதனால் வரும் நாற்றம், சத்தமும் அங்கே புகாராகும். தெருப் பூனைக்கு அங்கே பிரதிவாதி கிடையாது.

நாலாவது_மாடி எழுதியது:

பட்டியல் சரி. ஒன்று கேட்கிறேன். வீட்டில் ஏற்கனவே உரிமத்தோடு இரண்டு. கீழ்த்தளத்தில் ஒரு குட்டி தாயில்லாமல் கிடக்கிறது, மேலே எடுத்துப் போகிறார்கள். அது மூன்றாவது. அதை எந்த வரியில் எழுதுவீர்கள்?

பொறிக்கூண்டு எழுதியது:

வரம்பு நிரம்பாத வீட்டைத் தேடுவோம். மனிதரோடு பழகுகிற பருவம் இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம்வரை, அதற்குள் எடுத்தால்தான் தத்துப் போகும். தாண்டினால் கஷ்டம். வீடு கிடைக்காவிட்டால் எட்டு வாரம் ஆகி, ஒரு கிலோவைத் தொட்டதும் கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவோம். அதற்கும் நீங்கள் புகார் எழுதுவீர்கள்.

நாலாவது_மாடி எழுதியது:

காது வெட்டியிருந்தால் எழுத மாட்டேன். காலையில் தட்டு கிடந்தால் எழுதுவேன்.