கெவின் ஓ'பிரையன்: பெங்களூர் மேட்ச் ஒண்ணு மட்டும்தானா?

காட்பாடி கீப்பர்:
எங்க டீம்ல ஒரே வாக்குவாதம். 2011 உலகக்கோப்பையில இங்கிலாந்தை வெளுத்தாரே, அந்த ஒரு மேட்ச்சை எடுத்துட்டா அயர்லாந்தோட கெவின் ஓ'பிரையன்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு எங்க ஓப்பனர் சாதிக்கிறான். நான் அப்ப சின்னப் பையன், ஹைலைட்ஸ்தான் பாத்திருக்கேன். அவர் ஆட்டத்தைத் தொடர்ந்து பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

கோட்டை மைதானம்:
தம்பி, முதல்ல அந்த மேட்ச்சையே சொல்லிடறேன். மார்ச் 2, சின்னசாமி ஸ்டேடியம். காட்பாடில ரயில் ஏறினா பெங்களூர், ஆனா அயர்லாந்து ஆட்டத்துக்கு எங்க தெருவுல ஒருத்தன் கிளம்பல. இங்கிலாந்து 327. அயர்லாந்து 111க்கு 5. அங்கேர்ந்து 50 பந்துல சதம், மொத்தம் 63 பந்துல 113. உலகக்கோப்பையில அதுவரைக்கும் அவ்வளவு வேகமா யாரும் சதம் அடிச்சதில்ல. 2023ல தென்னாப்பிரிக்காவோட மார்க்ரம்தான் 49 பந்துல அதை முறியடிச்சார். அன்னிக்கு ஓ'பிரையன் தலைமுடி வேற ரோஸ் கலர்!

ஆனா என்னைக் கேட்டா அது ரெண்டாவது இடம்தான். 2018 மே, டப்ளின் பக்கத்துல மலஹைட், அயர்லாந்தோட முதல் டெஸ்ட். பாகிஸ்தான் 310, இவங்க 130ல சுருண்டு ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடியும் பேட்டிங். அந்த 130லயும் இவர்தான் 40. ரெண்டாவது இன்னிங்ஸ்ல அமீரும் அப்பாஸும் பந்தை ரெண்டு பக்கமும் ஆட்டுறாங்க. அதுல 217 பந்து நின்னு 118. அயர்லாந்துக்கு முதல் டெஸ்ட் சதம். பெங்களூர்ல கண்ணை மூடிக்கிட்டு சுத்தினவர், இங்க ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய போனதை எல்லாம் சும்மா விட்டார். நம்ம பசங்க மேட்டிங்ல, அதான் பாய் விரிச்ச பிட்ச்ல, ஆடி வளந்தவங்க, பந்து ஸ்விங் ஆகுறதையே பாத்திருக்க மாட்டாங்க. இதோட அருமை எப்படித் தெரியும்?

ஆம்பூர் ஸ்விங்:
அந்த டெஸ்ட்ல தோத்தாங்களே சார். 160 அடிக்கணும், பாகிஸ்தான் 5 விக்கெட்ல ஜெயிச்சுட்டாங்க. பெங்களூர்ல ஜெயிச்சாங்க. எனக்கு அதுதான் ஒசத்தி.

அப்புறம் எல்லாரும் பேட்டிங்கையே பேசறீங்க. 2006ல பெல்ஃபாஸ்ட்ல இங்கிலாந்துக்கு எதிரா அறிமுகம், ஒருநாள் ஆட்டத்துல போட்ட முதல் பந்துலயே ஸ்ட்ராஸ் விக்கெட். 153 ஒருநாள் ஆட்டத்துல 3619 ரன்னோட 114 விக்கெட்டும் இருக்கு. மீடியம் பேசரை யாரு மதிக்கிறாங்க!

கோட்டை மைதானம்:
14க்கு 3ன்னு பாகிஸ்தானை நடுங்க வச்சாங்களே, அதுக்கும் காரணம் அந்த 118தானப்பா. பந்துவீச்சு விஷயம் சரி, ஒத்துக்கிறேன்.

2019ல ஓமான்ல ஹாங்காங்குக்கு எதிரா டி20ல 124. மூணு வகை ஆட்டத்துலயும் சதம் அடிச்ச முதல் அயர்லாந்துக்காரர் இவர். டெஸ்ட் மூணே மூணு, 258 ரன், சராசரி 51.60. அவங்களுக்கு டெஸ்ட் அந்தஸ்து 2017ல வந்தது, அப்ப இவருக்கு வயசு 33. 2022ல மொத்தமா விடைபெற்றுட்டார்.

காட்பாடி கீப்பர்:
ரொம்ப நன்றிங்க ஐயா. ஓப்பனருக்கு மலஹைட் ஹைலைட்ஸ் அனுப்பிடறேன்.

கோட்டை மைதானம்:
ஹைலைட்ஸ் வேணாம்பா. அவர் விட்ட பந்தையெல்லாம் அதுல வெட்டியிருப்பான்.