ரிப் முதல் பதிப்பில் இணைப்புக்கு /30 போடலாமா?

கம்பிக்காரர்:
ரிப் (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) முதல் பதிப்பு ஓடும் பழைய ரவுட்டர்களுக்கு முகவரித் திட்டம் என்று சீரியல்செல்வம் எழுதியதைப் பார்த்தேன். 192.168.10.0-ஐ வெட்டி, லேன்களுக்கு /27 (பயன்படுத்த 30 முகவரி உள்ள துண்டு), ரவுட்டர்களுக்கு நடுவில் உள்ள சீரியல் இணைப்புகளுக்கு /30 (2 முகவரி உள்ள துண்டு) கொடுக்கச் சொல்கிறார். யாரும் நம்பிச் செய்துவிடாதீர்கள். ரிப்பை விவரிக்கும், 1988-இல் வந்த ஆர்எஃப்சி 1058 ஆவணத்தைத் திறந்து பாருங்கள். ரவுட்டர் அனுப்பும் அப்டேட்டில் முகவரி இருக்கிறது, மெட்ரிக் (தூரக் கணக்கு) இருக்கிறது, துண்டின் அளவைச் சொல்லும் மாஸ்க்குக்கு (/27, /30) இடமே இல்லை. ஒரு மேஜர் நெட்வொர்க்குக்குள், அதாவது வெட்டுவதற்கு முந்தைய முழு நெட்வொர்க்குக்குள், ஒரே மாஸ்க்தான்.

சீரியல்செல்வம்:
நான் /30 போட்டு ஓட்டியவன். வருடக்கணக்கில் ஓடியது. இரண்டே முனை உள்ள இணைப்புக்கு 30 முகவரி ஒதுக்கி 28-ஐ வீணாக்கும் ஆளிடம் திட்டமிடப் படிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

கம்பிக்காரர்:
வீணாவது இருக்கட்டும், போய்ச் சேருமா? உங்கள் திட்டத்தையே எடுக்கிறேன். ஏ ரவுட்டரின் லேன் 192.168.10.32/27. பி-யின் லேன் 192.168.10.64/27. நடுவில் 192.168.10.96/30. சிஸ்கோ ரவுட்டர் ஓர் இன்டர்ஃபேஸ் வழியே அப்டேட் அனுப்பும்போது, அதே மேஜர் நெட்வொர்க்கில் அந்த இன்டர்ஃபேஸின் மாஸ்க்கோடு ஒத்துப்போகும் சப்நெட்டை (வெட்டிய துண்டை) மட்டும்தான் சொல்லும். லேன் /27, இணைப்பு /30. லேனைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். சீரியல் முனைகள் ஒன்றுக்கொன்று பிங் ஆகும், லேனுக்கு லேன் போகாது. ரூட் டேபிளில் சி வரிகள் (நேரடி இணைப்புகள்) இருக்கும், ஆர் வரி (ரிப் மூலம் அறிந்த வழி) ஒன்றுகூட இருக்காது.

பூஜ்ஜியன்:
அதெல்லாம் சரி, 192.168.10.0-ஐ /27-ஆக வெட்டினால் 8 சப்நெட் என்று நினைத்துத்தானே இருவரும் பேசுகிறீர்கள்? 6தான். முதலும் கடைசியும் தொடக்கூடாது.

கம்பிக்காரர்:
அது 1985-இன் ஆர்எஃப்சி 950 காலத்துப் பேச்சு. அந்த வழக்கம் காலாவதி என்று 1995-லேயே ஆர்எஃப்சி 1878 எழுதிவிட்டது.

பூஜ்ஜியன்:
பழைய பெட்டிகளைப் பற்றித்தானே பேச்சு? சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருளான ஐஓஎஸ் 12.0-க்கு முன்னால் சப்நெட் ஜீரோவை (முதல் சப்நெட்டை) நாமே கட்டளை கொடுத்துத் திறக்க வேண்டும். 6தான்.

கம்பிக்காரர்:
கடைசி சப்நெட்டுக்கு சிஸ்கோவில் தடை கிடையாது. அந்தக் கணக்கிலும் 7. சரி, செல்வம் எங்கே? பதிலைக் காணோம்.

சீரியல்செல்வம்:
இங்கேதான் இருக்கிறேன். /30 ஓடியது. இணைப்புகள் எல்லாம் 10.1.1.0-இல், எல்லாமே /30. லேன்கள் 192.168.1.0, 192.168.2.0 என்று ஆளுக்கொரு முழு சி வகுப்பு (வெட்டாத /24). போதுமா?

கம்பிக்காரர்:
ஆக, ஊருக்குச் சொன்ன திட்டம் ஒன்று, தான் ஓட்டியது வேறொன்று! 10-க்குள் எல்லாம் /30, லேன்கள் முழு வகுப்பு. ஒரு மேஜர் நெட்வொர்க்குக்குள் ஒரே மாஸ்க் என்று நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி. இதே 10-ஐ நடுவில் வைத்து 192.168.10.0-இன் துண்டுகளை இரு பக்கமும் போட்டுப் பாருங்கள். எல்லையில் இரண்டு ரவுட்டரும் "192.168.10.0 முழுசும் என்னிடம்" என்று அறிவிக்கும். நடுவில் நிற்கும் ரவுட்டர் பாக்கெட்டை எந்தப் பக்கம் தள்ளும்?

புதுரவுட்டர்:
இரண்டாம் பதிப்புக்கு மாறினால் மாஸ்க்கும் சேர்ந்தே போகும். ஆர்எஃப்சி 2453, 1998. இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

கம்பிக்காரர்:
எல்லாப் பெட்டிக்கும் இரண்டாம் பதிப்பு புரிந்தால் இந்தத் திட்டமே தேவையில்லை, தம்பி. தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

சீரியல்செல்வம்:
புதியவரிடம் எரிந்து விழுவது இவருக்குப் பழக்கம். போன முறை ரிப்பில் 16 ஹாப் (ரவுட்டர் தாண்டல்) போகலாம் என்று அடித்துச் சொன்னவரும் இவர்தான். 15-தான் எல்லை.

கம்பிக்காரர்:
16 என்றால் எட்டாதது என்று எழுதினேன். பாதியை வெட்டி ஒட்டாதீர்கள். 192.168.10.0-க்குள் /27-ம் /30-ம் கலந்து, கையால் எழுதும் ஸ்டாடிக் ரூட் இல்லாமல், ஒரே ஓர் ஆர் வரி காட்டுங்கள்.

சீரியல்செல்வம்:
பெட்டியை இறக்கி உங்களுக்குக் காட்ட நான் கடமைப்படவில்லை. /30 ஓடியது.

பூஜ்ஜியன்:
எந்த ஐஓஎஸ் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. 12.0-க்கு முந்தையது என்றால் 6தான்.